நூற்றுப் பதினெட்டாவது படி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவனும் யார் கையையும் பிடித்து இழுத்து நம்பச் சொல்லவில்லை. ஆனால் அன்று அந்தப் பாறையில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் பார்த்தார்கள், நான்கு பேரும் கேட்டார்கள். ஒரே நேரத்தில் நாலு பேருக்கும் புத்தி பிசகிவிட்டது என்று யாராவது சிரித்தால் அவனுக்கு இன்றைக்கும் கோபம் மூக்கின் மேல் வந்து நிற்கும். கீழே வரும் நேரங்களும் குத்துமதிப்பு இல்லை. மணியைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைப்பது அவனுக்கு ஊறிப்போன பழக்கம். அவன் வேலை அப்படி.

சாரம் சோதிப்பதுதான் அவன் வேலை. வெளிநாட்டில், பதினாறு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த ஓர் இடத்தில். இரும்புக் குழாய்களைப் பூட்டிக் கட்டிய சாரத்தை அடியிலிருந்து நுனிவரை ஏறிப் பார்ப்பான். சரியாக இருந்தால் பச்சை அட்டை, இல்லையென்றால் சிவப்பு. பச்சை தொங்கினால்தான் ஆட்கள் ஏறலாம். அட்டையில் அவன் கையெழுத்து இருக்கும். சிவப்பு மாட்டுவதில் அவனுக்குத் தாராள மனசு. அதனால் ஆட்கள் அவனுக்குச் ‘சிவப்பட்டை’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள்.

அந்த வாரம் ஒன்பதாவது மாடிச் சாரத்துக்குச் சிவப்பு மாட்டினான். சுவரோடு இழுத்துப் பிடிக்க வேண்டிய குழாய்களில் பாதியைக் காணோம். ஆளே ஏறாமல் காற்றுக்கே ஆடியது. மறுநாள் சைட் மேனேஜர் அவனை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமலே பேசினார்.

“திங்கக்கிழமை காலையில பூச்சு வேலைக்கு இருபத்தாறு பேர் வர்றாங்க. ஏழு மணிக்கு அங்க பச்சை தொங்கணும். உன் கையெழுத்தோட.”

“குழாயைப் போடச் சொல்லுங்க சார். போட்டா நானே மாட்டுறேன்.”

“போடறதுக்கு நாள் இல்ல. உன் மச்சினனும் இங்கதானே வேலை பாக்கறான்? அவனையும் சேர்த்து யோசிச்சுக்க.”

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. எலக்ட்ரீஷியன். இவன் சிபாரிசில் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜர் மேல் கோபம். அதைவிடப் பெரிய கோபம் ஒன்று உள்ளே இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே அவன் முடிவு செய்துவிட்டிருந்தான். கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிடுவது என்று.

அவனும் மச்சினனும் தங்கியிருந்த அறையில் மூன்றாவது ஆள் கிரேன் ஓட்டுபவர். ஐம்பதை நெருங்கியவர். எல்லாருக்கும் அவர் ‘கிரேன் அண்ணன்’. இவன் தட்டைக் கழுவுகிற சத்தத்தைக் கேட்டே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“தம்பி, சனி ஞாயிறு மலைக்குப் போயிட்டு வரலாம் வா. இங்கயே கெடந்தா அந்தாள் மண்டைய ஒடைச்சுட்டு ஜெயிலுக்குத்தான் போவ.”

மச்சினன் கைபேசியில் தேடி ஒரு இடம் பிடித்தான். செங்குத்தான பாறையில் இரும்புப் படிகளை அடித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு கம்பிவடம் ஓடுகிறது. இடுப்பில் வார் கட்டி, அதிலிருந்து வரும் இரண்டு கொக்கிகளை வடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு படி. உச்சியிலிருந்து இறங்க வேறு நடைபாதை உண்டு.

“வாரம் பூரா ஏறுறது பத்தாதுன்னு லீவுலயும் ஏறணுமாடா?” என்றான் இவன்.

“மாமா, இங்க நீங்க யாருக்கும் அட்டை மாட்ட வேணாம். சும்மா ஏறுங்க, போதும்” என்றான் மச்சினன்.

சனிக்கிழமை. மதியம் 1.50.

அன்றைய கடைசிக் குழு அவர்கள்தான். கூட வந்த வழிகாட்டிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். போன மாதம்தான் இந்த வேலைக்கு வந்தவராம். அதற்கு முன் பேருந்து ஓட்டியவர். அவருக்கும் இவர்களுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். வழிகாட்டி முதலில், அவருக்குப் பின்னால் இவன், பிறகு மச்சினன், கடைசியில் கிரேன் அண்ணன். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் பாறையில் மஞ்சள் வண்ணத்தில் எண் எழுதியிருந்தது.

முதல் நாற்பது படி சுகமாகவே போயிற்று. காற்று முகத்தில் அறைந்தது. கீழே வண்டிகள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன. மேனேஜரின் மூஞ்சி கொஞ்ச நேரம் மறந்தேபோனது.

2.35. அறுபத்தோராவது படி.

டிங்...

இவன் நின்றான்.

டிங்... டிங்...

இரும்பை இரும்பால் தட்டும் சத்தம். அவனுக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும். சுத்தியலால் தட்டினால், உறுதியாகப் பிடித்திருக்கும் இரும்பு மணி மாதிரி பேசும். பிடி விட்ட இரும்பு செத்த குரலில் பேசும். யாரோ மேலே படிகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சோதித்துக்கொண்டு போகிறார்கள்.

“மேல யாரு இருக்காங்க?” என்று வழிகாட்டியிடம் கேட்டான்.

“யாரும் இல்லை. முந்தின குழு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. இப்போதுதான் போன் வந்தது.”

“அப்ப அது என்ன சத்தம்?”

வழிகாட்டி காது கொடுத்துக் கேட்டார். தோளைக் குலுக்கினார். காற்றாக இருக்கும் என்றார்.

இவனுக்குச் சுர்ரென்று ஏறியது. காற்று சுத்தியல் பிடிக்குமா? ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவன் சோதனை நடத்துகிறான். பாதையை மூடவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகிற இடமெல்லாம் இதே லட்சணம்தானா!

3.05. மூடுபனி இறங்கியது. கீழே வண்டிகள் இல்லை. மலையும் இல்லை. கைக்கு எட்டிய நாலு படி மட்டும் தெரிந்தது.

சத்தம் நிற்கவில்லை. இவர்கள் ஏறினால் அது ஏறியது. இவர்கள் நின்றாலும் அது நிற்கவில்லை, ஆனால் தூரமும் போகவில்லை. எப்போதும் முப்பது படி தள்ளியே. ஒவ்வொரு தட்டுக்கும் அவன் பிடித்திருந்த படி உள்ளங்கைக்குள் லேசாக அதிர்ந்தது.

“மாமா, உங்களுக்கும் அதிருதா?” கீழேயிருந்து மச்சினன் கேட்டான். குரலில் பழைய குஷி இல்லை.

“ஏறு. பேசாத.”

டிங்... டிங்... டிங்...

3.26. நூற்றுப் பதினேழாவது படிக்கு மேல் ஒரு திட்டு வந்தது. பாறையில் பலகை போல நீட்டிக்கொண்டிருக்கும் இடம். நான்கு பேர் நெருக்கியடித்து நிற்கலாம். அதன் மறுமுனையில்தான் அடுத்த படி தொடங்குகிறது.

அந்த மறுமுனையில் ஒருவர் குந்தியிருந்தார்.

அறுபது வயது இருக்கும். கோட்டும் கழுத்துப்பட்டையும் போட்டிருந்தார். கையில் சின்னச் சுத்தியல். இடுப்பில் வார் இல்லை, கொக்கி இல்லை, தலைக்கவசம் இல்லை. காலில் கறுப்புத் தோல் செருப்பு... அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற மூடிய செருப்பு. புதிதாகப் பாலிஷ் போட்டது. ஒரு பொட்டுச் சேறு இல்லை.

இவர்கள் நான்கு பேரின் மேலும் பனி கோத்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தலைமுடி காய்ந்து கிடந்தது.

“திரும்பிப் போங்க” என்றார். தலையைத் தூக்கவில்லை.

வழிகாட்டி வடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“சார், இறங்குற வழியே மேலதான் இருக்கு. கொஞ்சம் நகர்ந்துக்குங்க” என்றான் மச்சினன்.

“திரும்பிப் போ.”

இவனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மூன்று நாளாக நெஞ்சில் கொதித்துக்கொண்டிருந்தது மொத்தமும் வாய்க்கு வந்துவிட்டது.

“யோவ், நீ யாருய்யா எங்களைப் போகச் சொல்ல? ஆளுங்க ஏறுறப்ப தட்டிப் பாக்கறியே, பாதைய மூடினியா? வார் எங்க? உன் அட்டை எங்க? விழுந்தா உன்னை யாரு பொறுக்குறது?”

அவர் இப்போது நிமிர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“கையெழுத்து நான் போட்டது.”

“என்னது?”

“இந்தப் பாதை சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான்.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

“போட்டுட்டு இப்ப வந்து தட்டுறியா? வெக்கமா இல்ல? தட்டிட்டில்ல போடணும்! உன்னை மாதிரி ஆளுங்களாலதான்யா ஊர்ப்பட்ட ஜனம் சாவுது. மேல ஏறுறவன் உன் எழுத்தை நம்பித்தானே காலை வைக்கிறான்? பேனாவத் தூக்கும்போது கை நடுங்க வேணாம்? நீயெல்லாம்...”

பாதியில் நிறுத்தினான். யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

அவர் ஒரு சொல்லுக்கும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவர் கண்ணில் ஒரு கோபம் இருந்தது. இவன் கோபம் அதன் முன்னால் வெறும் அடுப்புத் தீ. அந்தக் கண் இவனை மட்டும் பார்த்தது.

“நீ போட்டுட்டியா?”

தான் கையெழுத்துப் போட முடிவு செய்தது இவருக்கு எப்படித் தெரியும்? யாரிடமும் சொல்லவில்லையே... மனைவியிடம்கூட.

“இன்னும் இல்ல” என்றான். சொல்ல நினைக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

அவர் திரும்பினார். தன் பக்கத்தில் இருந்த படியைத் தட்டினார். நூற்றுப் பதினெட்டு.

டொக்.

மறுபடியும்.

டொக்.

செத்த குரல்.

பிறகு இரண்டு விரலால் அந்தப் படியைப் பிடித்து அசைத்தார். அது ஆடியது. பாறையிலிருந்து பொடி மணல், சன்னமாக, ஒழுகியது. வழிகாட்டி அதைப் பார்த்தார். தன் கொக்கியை வடத்தில் மாட்டப் போய் இரண்டு தரம் தவறவிட்டார்.

3.41. திரும்பினார்கள்.

கிரேன் அண்ணன் முதலில் இறங்கினார். பாறையில் அதுவரை வாயே திறக்காத அந்த மனிதர் அப்போது சொன்னது ஒன்றுதான். “யாரும் மேல பாக்காதீங்க. கையப் பாத்து இறங்குங்க.” அவருக்குப் பின் மச்சினன். வழக்கப்படி வழிகாட்டிதான் கடைசியில் வர வேண்டும். அவர் இருந்த நிலையில் இவன் அவரை முன்னால் அனுப்பினான். கடைசி ஆள் இவன்.

நூற்றுப் பத்து... நூற்று ஐந்து...

டிங்.

தலைக்கு மேலே. இவன் இப்போதுதான் கை எடுத்த படியில்.

இவன் மேலே பார்க்கவில்லை.

டிங்.

ஒரு படி இறங்கினான். சத்தமும் ஒரு படி இறங்கியது.

டிங்.

“மாமா... வர்றீங்கல்ல?”

“வர்றேன். நீ போ.”

டிங்...

3.58. எண்பத்தெட்டாவது படி. வலது கையின் விரல் மரத்துவிட்டது. தட்டும் சத்தம் இப்போது தலைக்கு மேல் இல்லை. அவன் பிடித்திருக்கும் அதே படியில். இரண்டு கைக்கும் நடுவில்.

டிங்.

கண்ணை மூடிக்கொண்டான். மூடிக்கொண்டே காலால் அடுத்த படியைத் தேடினான்.

4.17. சத்தம் நின்றது.

காற்று இல்லை.

மேலேயும் இல்லை. கீழேயும் இல்லை...

அவன் இடுப்புக் கொக்கியை யாரோ பிடித்தார்கள்.

ஒரு இழுப்பு.

இன்னொரு இழுப்பு.

மாட்டியிருப்பது சரியா என்று பார்க்கிற இழுப்பு. வேலையிடத்தில் ஆட்களை மேலே அனுப்பும் முன் அவனே அப்படித்தான் இழுத்துப் பார்ப்பான்.

காதோரம் குளிர்ந்தது.

“போடாத.”

அவ்வளவுதான்.

4.52க்குத் தரையைத் தொட்டார்கள். மச்சினன் புல்லில் குப்புறப் படுத்துவிட்டான். கிரேன் அண்ணன் தண்ணீரைக் குடிக்கத் தூக்கினார், பாதி சட்டையில் கொட்டிக்கொண்டார். வழிகாட்டி ஒரு கல்லில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்றார்?” என்றார் கிரேன் அண்ணன்.

வழிகாட்டி நிமிர்ந்தார். “அந்த ஆள் எங்கள் பேச்சில் பேசினான். என் அம்மா பிறந்த பக்கத்துப் பேச்சு. இந்த ஊரில்கூட யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.”

மச்சினன் புல்லிலிருந்து மெல்ல எழுந்தான்.

“மாமா... அந்தாள் நம்ம பேச்சுலல்ல பேசினான்?”

பாறை மேல் நின்றபோது அது யாருக்குமே உறைக்கவில்லை. ஆத்திரத்தில் இவன் தமிழில் திட்டினான். அவர் தமிழில் பதில் சொன்னார். வழிகாட்டி அதே பதிலை வேறு ஒரு மொழியில் கேட்டிருக்கிறார்.

பயந்தவன் அன்றே பெட்டியைக் கட்டியிருப்பான். இவனுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் மேலே இருந்தது. நேராக அந்தப் பாதையை நடத்தும் கம்பெனிக்காரர் அறைக்குப் போனான். ஒரு படி ஆடுகிறது, பாதையை மூடுங்கள் என்றான். அவர் சிரித்துக்கொண்டே ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார்.

“எல்லாம் சோதித்தாயிற்று. இதோ கையெழுத்து.”

“கையெழுத்து படியப் புடிச்சுக்குமா?” என்று இவன் தமிழிலேயே கத்தினான். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கதவைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் இவன் நின்றுகொண்டான். வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னான். ஒரு அம்மா தன் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு திரும்பினாள். சிலர் பைத்தியம் என்று விலகிப் போனார்கள். காவலாளி வந்து தோளைத் தள்ளினான். கிரேன் அண்ணனும் மச்சினனும் வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். வழிகாட்டி கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு கம்பெனிச் சட்டையைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, மலை மீட்புக் குழுவுக்குத் தானே போன் போட்டார்.

அவர்கள் மேலேயிருந்து கயிறு கட்டி இறங்கினார்கள். 9.40க்கு ஒருவர் நூற்றுப் பதினெட்டாவது படியைப் பிடித்தார். வெறுங்கையாலேயே உருவி எடுத்துவிட்டார். பல் பிடுங்கினது மாதிரி. அதற்கு அடுத்த இடத்தில் கம்பிவடத்தைப் பிடிக்கும் முளையும் உள்ளே துருப்பிடித்துப் போயிருந்ததாம். நான்கு பேரின் கொக்கியும் அந்த ஒரே வடத்தில்தான் மாட்டியிருந்திருக்கும். திட்டில் யாராவது இருந்தாரா என்று இவன் கேட்டான். திட்டில் ஒரு குருவி எச்சம்கூட இல்லை என்றார்கள்.

திங்கட்கிழமை 6.50. மேனேஜர் பச்சை அட்டையையும் பேனாவையும் நீட்டினார்.

“போட மாட்டேன்” என்றான்.

“யோசிச்சுத்தான் பேசறியா? உன் மச்சினன்...”

“அவன் பேர இழுக்காதீங்க. அந்தச் சாரத்துல நீங்க ஏறுங்க. உங்க புள்ளைய ஏத்துங்க. நுனி வரைக்கும் போயிட்டு வந்து சொல்லுங்க, போடறேன். இருபத்தாறு பேரு உசுரு உங்களுக்கு என்ன கொசுவா?”

இவன் குரல் மூன்று மாடிக்குக் கேட்டது. பூச்சு வேலைக்கு வந்த ஆட்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். கூட்டத்திலிருந்து மச்சினன் முன்னால் வந்தான். தன் கருவிப் பையை மேனேஜர் காலடியில் வைத்தான்.

“எனக்கும் சேர்த்து எழுதிக்குங்க சார்.”

கிரேன் அண்ணன் அன்று கிரேனில் ஏறவே இல்லை. நெஞ்சு வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கிரேன் ஓடாமல் வேலை நின்றது. வேலை நின்றதும் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சாரத்தை ஒரு தரம் ஏறிப் பார்த்தவர்கள் புதன்கிழமைக்குள் மொத்தத்தையும் பிரிக்கச் சொன்னார்கள். அதற்காக இவனுக்கு யாரும் மாலை போடவில்லை. இவனையும் மச்சினனையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். வேறு இடம் கிடைக்க மூன்று மாதம் அலைந்தார்கள். மனைவிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான்; அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, “என் தம்பியையும் சேர்த்துக் கவுத்துட்டீங்களே” என்றாள். அப்புறம், “பரவால்ல, ரெண்டு பேரும் நல்லா சாப்பிடுங்க” என்று போனை வைத்தாள்.

ஐந்து மாதம் கழித்து வழிகாட்டியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவர் மறுபடியும் பேருந்துதான் ஓட்டுகிறார். பழைய செய்தித்தாள் பக்கம் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதில் ஒரு ஆளின் முகம்.

மச்சினன் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

கோட்டு. கழுத்துப்பட்டை. அதே கண்.

வழிகாட்டி விவரத்தை எழுதியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அதே பாதையில் ஒரு படி பெயர்ந்து, பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் விழுந்திருக்கிறார். உயிர் பிழைத்தார், இனி நடக்க மாட்டார். கம்பெனி அந்த ஒரு படியை மட்டும் மாற்றிவிட்டு, வாயை மூடிக்கொண்டு பாதையைத் திறந்துவிட்டது. எல்லாப் படியும் உறுதி என்று விபத்துக்கு முன்பே கையெழுத்துப் போட்டிருந்தவர் இந்த ஆள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில், தன் வீட்டுக் கட்டிலில் செத்துப்போனார். இவர்கள் மலைக்குப் போனது அதற்குப் பத்து மாதம் கழித்து.

மலையில் செத்தவர் மலையில் அலைகிறார் என்றால்கூட ஒரு கணக்குக்கு ஒத்துக்கொள்ளலாம். வழிகாட்டி கடைசியாக எழுதியிருந்த வரியைத்தான் இவனால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

அந்த ஆள் உயிரோடு இருந்தவரை அந்த மலைப்பக்கம் ஒரு தடவைகூட வந்ததில்லை. அவர் மேல் இருந்த வழக்கே அதுதான்.